நிவேதிதா சொல்ல வந்த மீதி

போன மாதம் முழங்கால் வலிக்காக, நான் காலமெல்லாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே நோயாளியாகப் போனேன். பிரசவ வார்டுக்குப் போகும் வராந்தாவில் ஆளுயர அட்டை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கையில் குழந்தையோடு ஒரு பெண், ஒட்டிய வயிறு, வாய் நிறையச் சிரிப்பு. ‘சில வாரங்களிலேயே மறுபடியும் பழைய நீங்கள்!’ என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. பிரசவமாகி இரண்டு நாள்கூட ஆகியிராத ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக மெல்ல நடந்துவந்தாள். அட்டைக்கு முன்னால் நின்றாள். பார்த்தாள். பிறகு நைட்டியை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

எனக்கு முழங்கால் மறந்துபோயிற்று. நேராக என் பழைய பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது ஆயிஷா. “அந்த அட்டை நாங்க வெச்சது இல்ல மேடம், மார்க்கெட்டிங்காரங்க வெச்சது” என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். “இப்பல்லாம் பேஷன்ட் வந்ததும் ஒரு ரீல் காட்டித்தான் பேச்சையே ஆரம்பிக்கிறாங்க. உங்க காலத்துல இந்தத் தொல்லை இருந்திருக்காது, இல்ல மேடம்?”

“இருந்தது” என்றேன். அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காபி போட்டேன், குடிக்கவில்லை. துவைத்துக் காய்ந்த துணியை மறுபடி அலசினேன். அவளிடம் சொல்லாமல் வந்ததை எழுதிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

என் சொந்த ஊர் ஆம்பூர். அப்பா தோல் தொழிற்சாலையில் இருந்தார். ஆஸ்பத்திரி வேலை என்றால் நர்ஸ் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டில், பிசியோதெரபி என்ற சொல்லை உச்சரிக்கவே கொஞ்ச நாள் ஆனது. படித்தேன், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன், விவேக் நகரில் குடித்தனம். வீட்டுக்காரரின் அக்கா சொல்லித்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு மனு போட்டேன். எலும்பு முறிவு, பக்கவாதம் என்று பார்க்கப்போகிறோம் என்று வந்தவளைப் பிரசவ வார்டில் விட்டார்கள். அங்கே இருந்தவர் சுலோசனா மேடம்.

மைசூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லி, உயரம், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் பாதியில் கன்னடம் வந்துவிடும். என் தமிழிலும் பாதியில் கன்னடம் வர ஆரம்பித்தது அவரால்தான். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்வார். அதற்குள் ஒரு கேள்வி: “ஊட்டா ஆய்த்தா?” சாப்பிட்டாயா என்று. இது உபசாரம் என்று முதலில் நினைத்தேன். பதிலை அவர் கவனித்துக் கேட்பதைப் பார்த்த பிறகுதான், பரிசோதனை அங்கேயே தொடங்கிவிடுகிறது என்று புரிந்தது.

பிரசவமான பெண்ணின் வயிற்றைப் பார்ப்பதற்கு அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. மல்லாந்து படுக்கச் சொல்ல வேண்டும். முழங்காலை மடக்கி, பாதம் படுக்கையில் பதிய வேண்டும். பிறகு அந்தப் பெண்ணின் கையையே அவள் தொப்புளுக்கு மேலே வைக்கச் சொல்வார். “மொதலு உன் கை. அப்புறம்தான் என் கை.” தலையை மட்டும் மெல்லத் தூக்கச் சொல்வார். வயிற்றின் நடுவே இரண்டு பக்கத்துத் தசையும் இறுகும். நடுவில் உள்ள பள்ளத்தில் எத்தனை விரல் இறங்குகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பது அதன் பிறகு. கர்ப்பத்தில் விலகிய தசை பல பேருக்குத் தானாகவே சேர்ந்துவிடும். சிலருக்குப் பயிற்சி வேண்டும். சேராத வயிற்றோடு ஒருத்தி எழுந்து எழுந்து படுக்கும் பயிற்சியைச் செய்தால், நடுவில் கூம்பு மாதிரி ஒரு மேடு எழும்பும். அதைக் கண்டால் நிறுத்து என்பார்.

பிறகு இன்னொரு கேள்வி. “தும்மினா, சிரிச்சா, சிறுநீர் சிந்துதா?” பெயர் கேட்கிற அதே குரலில் கேட்பார். எனக்கு முதல் தடவை காது சூடாகிவிட்டது. “நீ கூச்சப்பட்டா அவளும் கூச்சப்படுவா, ஸ்டெல்லா. அவ பொய் சொல்லிட்டுப் போயிடுவா” என்றார்.

ஆரம்ப வருடங்களில் பெண்கள் எங்களிடம் கேட்டது வேறு. எப்போது தண்ணீர்க் குடம் தூக்கலாம், எப்போது கார்மென்ட்ஸுக்குத் திரும்பிப் போகலாம், முதுகு வலி போகுமா, இவ்வளவுதான். வயிற்றைப் பழைய வேட்டியால் கட்டிக்கொண்டு வருவார்கள். மேடம் அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மூச்சு விட முடிகிறதா என்று மட்டும் கேட்பார். பிறகு கேபிள் டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்கள் வழவழப்பாயின. ஒரு நாள் பேங்கில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். யாரோ ஒரு நடிகை, குழந்தை பெற்றுக் கொஞ்ச நாளில் விமான நிலையத்தில் ஜீன்ஸ் போட்டு நடக்கிறாள். “எனக்கும் அவங்களுக்கும் ஒரே வாரத்துலதான் டெலிவரி மேடம்” என்றாள் அந்தப் பெண். அவள் அழவில்லை. குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி, தன்மேலேயே வாசித்தாள். அன்றிலிருந்து அந்தப் படம் வெவ்வேறு முகத்தோடு வந்துகொண்டே இருந்தது. முதலில் காகிதத்தில், பிறகு போனில்.

இனி நிவேதிதா.

அவளை எல்லோருக்கும் தெரியும். கன்னடச் செய்தி சேனல் ஒன்றில் இரவுச் செய்தி வாசித்தவள். சுத்தமான, ஒரு எழுத்து பிசகாத கன்னடம். எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள், பெண் குழந்தை. வார்டில் நான் போய் நின்றபோது அவள் அம்மாவிடம், “மா, அந்தப் போர்வய இப்பிடித் தள்ளு, காலு வேர்க்குது” என்றாள். நான் திடுக்கிட்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“மர்பி டவுன் மேடம், தமிழ்க்காரங்க ஏரியா. பக்காத் தமிழு. டிவில யாருக்கும் தெரியாது.”

அவள் விடுப்பில் இருந்தபோது இரவுச் செய்தியை வேறொரு பெண் வாசிக்க ஆரம்பித்திருந்தாள். இது அவளை எப்படி அரித்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மர்பி டவுனில் ஒற்றை அறை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று செய்தி வாசித்துப் பழகியவள் அவள். அந்த நாற்காலியில் போய் உட்கார அவளுக்குப் பல வருடம் பிடித்தது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கிரீஷ் என்று ஒருவர், அவளுக்கு ஒரு வழி சொன்னார். ‘மறுபடியும் பழைய நிவேதிதா’ என்று வாராவாரம் ஒரு நேரலைப் பகுதி. அவள் எடை குறைவதை நேயர்கள் கூடவே பார்ப்பார்கள். கடைசி வாரம் ஸ்டுடியோவில் எடை மெஷின்மேல் ஏறி நிற்பாள். அங்கிருந்து நேராகப் பழைய நாற்காலி.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, ஒரு நாள் காலையில் காமிராவும் விளக்குமாக ஐந்தாறு பேர் எங்கள் பிரிவுக்குள் நுழைந்தபோது. ஆஸ்பத்திரி மேனேஜர் கூடவே வந்தார். ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை திரையில் வரும், அதனால் அவருக்குச் சந்தோஷம். நிவேதிதா இறுக்கமான டி-ஷர்ட் போட்டிருந்தாள். உள்ளே வயிற்றை ஒரு பெல்ட் நெருக்கியிருந்தது துணிக்கு மேலேயே தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பிரசவமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டிரெய்னர் ஒருவன் அவள் கையில் ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுத்தான்.

“இங்க வேணாம்” என்றேன். “இவங்க வயித்த இன்னும் யாரும் பாக்கல. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். குதிக்கக் கூடாது.”

கிரீஷ் சிரித்த முகத்தோடு கன்னடத்தில் சொன்னார்: “மேடம், ரெண்டே ஷாட். நீங்க பக்கத்துல நின்னு கைதட்டினாப் போதும்.”

“நான் கைதட்ட மாட்டேன். என் அறையில குதிக்கவும் விடமாட்டேன்.”

மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இது நமக்கு எவ்வளவு பெரிய விளம்பரம் தெரியுமா என்றார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய் எடுத்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். நிவேதிதா குதித்தாள், காமிராவைப் பார்த்துச் சிரித்தாள், மறுபடி குதித்தாள். சட்டென்று நின்றாள். அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வேகமாக டாய்லெட் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது வேறு பேன்ட் போட்டிருந்தாள்.

அருகில் போய், மேடம் சொல்லிக்கொடுத்த அதே குரலில் கேட்டேன். “சிறுநீர் சிந்துதாமா?”

“இல்ல மேடம். தண்ணி பாட்டில் கொட்டிடுச்சு.” என் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவளே வந்தாள். காமிரா இல்லை, அம்மா இல்லை, குழந்தையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு. சுலோசனா மேடம் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்து சிக்கலானவர்களைப் பார்ப்பார். நல்லவேளை, அன்று இருந்தார்.

“கீழ ஏதோ இறங்கின மாதிரி இருக்கு மேடம்” என்றாள் நிவேதிதா. “உக்காந்தா உருண்டை மேல உக்காந்த மாதிரி. சாயந்தரம் ஆனா நிக்கவே முடியல.”

மேடம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்டார்.

“ஆச்சு மேடம்.”

“ஏனு சாப்பிட்ட?” என்ன சாப்பிட்டாய் என்று.

“வெள்ளரிக்கா. பிளாக் காபி.”

“நேத்து?”

“அதேதான்.” பிறகு அவளே சொன்னாள், “பாலு கம்மியாயிடுச்சு மேடம். பாப்பா வெயிட் ஏறலன்னு டாக்டர் திட்டினாங்க. என் வெயிட் இறங்கணும், அவ வெயிட் ஏறணும்…”

குழந்தையை நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளைப் படுக்கச் சொன்னோம். பெல்ட்டைக் கழற்றினேன். தோலில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. முழங்காலை மடக்கினாள்.

“மொதலு உன் கை” என்றார் மேடம்.

நிவேதிதா கையைத் தூக்கினாள். கை வயிற்றுக்கு மேலே வந்து, தொடாமல், அந்தரத்தில் நின்றது. பிறகு பக்கவாட்டில் படுக்கையில் விழுந்தது.

“எனக்கு அதத் தொடவே பிடிக்கல மேடம்” என்றாள். “குளிக்கறப்பக்கூடப் பாக்கறதில்ல. சோப்பு போட மாட்டேன், தண்ணி மட்டும் ஊத்திப்பேன்.”

இத்தனை வருடத்தில் அழுகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் அழவில்லை. செய்தி வாசிக்கிற அந்தத் தெளிவான குரலில் சொன்னாள். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மேடம் என் பக்கம் திரும்பாமலே, “சும்னிரு” என்றார். சும்மா இரு.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கையும் வெறுமனே மடியில் இருந்தது. வெளியே அடுத்து வர வேண்டியவர்கள் முணுமுணுப்பது கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். மேடம் அசையவில்லை. குழந்தை என் தோளில் சிணுங்கியது, நான் நடந்துகொண்டே இருந்தேன், ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. மேடத்தால் எப்படி அப்படி உட்கார முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் நாளைக்கு வாம்மா என்று அனுப்பியிருப்பேன்.

திரும்பி நடந்தபோது பார்த்தேன். நிவேதிதாவின் கை வயிற்றின்மேல் இருந்தது. விரல்கள் விரைப்பாக, சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல. மெல்ல உள்ளங்கையும் பதிந்தது.

“இவ்வளவு மெத்துன்னா இருக்கும்?” என்றாள்.

“ஹௌது” என்றார் மேடம், ஆமாம் என்று. “ஒம்பது மாசம் ஒருத்தி குடியிருந்த எடம்.”

தசை நன்றாக விலகியிருந்தது. அன்றே மகப்பேறு டாக்டரும் பார்த்தார். கர்ப்பப்பை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, ஆரம்ப நிலைதான், பயிற்சியால் சரியாகும், குதிப்பதும் பெல்ட்டும் பட்டினியும் உடனே நிற்க வேண்டும் என்றார். கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளை இறுக்கி விடுகிற பயிற்சியை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூச்சு வெளியே போகும்போது உள்ளே மேலே இழு, மூச்சு உள்ளே வரும்போது விடு.

“இது வெளிய யாருக்காவது தெரியுமா மேடம், பண்றது?” என்று கேட்டாள்.

“தெரியாது. நியூஸ் வாசிச்சுக்கிட்டே பண்ணலாம்.”

அன்று முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்ததும் முகம் மாறி, காலை ஒட்டிவைத்துக்கொண்டாள்.

கிரீஷிடம் அவள் சொல்லிப் பார்த்தாள். கடைசி வாரம் மட்டும் வந்து எடை மெஷின்மேல் நின்றுவிட்டுப் போ, மற்றதைப் பிறகு பேசலாம் என்றாராம். வராவிட்டால் இரவுச் செய்தி இப்போது வாசிக்கிறவளுக்கே போய்விடும் என்பதையும் அன்பாகச் சொல்லியிருக்கிறார். “நீங்க கூட வர்றீங்களா மேடம்?” என்று என்னைக் கேட்டாள். போனேன்.

ஸ்டுடியோ ஐஸ் மாதிரி இருந்தது. நடுவில் விளக்கு வெளிச்சத்தில் அந்த எடை மெஷின். எதிரே காமிரா, அதன்மேல் சிறிய சிவப்பு விளக்கு. ஓரத்தில் ஒரு டிவி, நேயர்களுக்குப் போய்க்கொண்டிருப்பதை அதில் பார்க்கலாம். நான் அந்த டிவிக்குப் பக்கத்தில் நின்றேன். நிவேதிதா தளர்வான ஒரு காட்டன் குர்தா போட்டு வந்தாள். கிரீஷ் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கையை விரித்து, இது என்ன உடை என்றார். நேரமாகிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் மெஷினைச் சுற்றிக்கொண்டு வந்து அதற்கு முன்னால் நின்றாள். கன்னடத்தில் அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“வணக்கம். இன்று என் எடையைச் சொல்லப்போவதில்லை. இந்த நிகழ்ச்சிக்காக நான் செய்த உடற்பயிற்சியில் என் உடம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. இதை நான் மறைத்தேன். தும்மும்போதும் சிரிக்கும்போதும்…”

என் பக்கத்து டிவியில் பாத்திரம் துலக்கும் சோப்பு விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

காமிராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. நிவேதிதா அதைப் பார்த்தாள், எனக்குத் தெரியும், அவள் கண் ஒரு தடவை அதன்மேல் போய்வந்தது. நிறுத்தவில்லை. சிறுநீர் சிந்துகிறது என்றாள். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்றாள். இது பல பெண்களுக்கு வருகிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை, மருத்துவம் இருக்கிறது, இன்றே போய்க் காட்டுங்கள் என்றாள். அணைந்த காமிராவைப் பார்த்து, ஒரு எழுத்து பிசகாமல், கடைசி வரி வரைக்கும் வாசித்து, நன்றி வணக்கம் சொல்லி முடித்தாள். காமிராமேனும் மேக்கப் பெண்ணும் நானும்தான் கேட்டோம். மேக்கப் பெண் மைக்கைக் கழற்ற வந்தவள், கழற்றாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிரீஷ் வெளியே வந்து, “ஒய் டிட் யூ டூ திஸ்?” என்று மட்டும் கேட்டார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

நேயர்களுக்கு, தொழில்நுட்பக் கோளாறு என்றும் நிவேதிதாவுக்கு உடல்நலமில்லை என்றும் சொன்னார்கள். இரவுச் செய்தி அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள், பிறகு அவளே விலகினாள். எங்களிடம் மாதக்கணக்கில் வந்தாள். சாப்பிட்டாள், பால் ஊறியது, குழந்தை தேறியது. கர்ப்பப்பை ஏறி நின்றது. எடை அவ்வளவாகக் குறையவில்லை. இப்போது சின்ன சேனல் ஒன்றில் காலைச் செய்தி வாசிக்கிறாள். நெட்டில் அந்த வீடியோவுக்குக் கீழே அவள் உடம்பைப் பற்றி எழுதுகிறார்கள், நான் படிக்கப்போய்ப் பாதியில் மூடிவிடுவேன். போன வருடம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள்: “மேடம், பாப்பாகூட மால்ல டிராம்போலின்ல குதிச்சேன். ஒண்ணும் ஆகல!” பின்னால் குழந்தையின் கூச்சல்.

அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஆனாலும் எனக்கு அடங்கவில்லை. அதே சேனல் அடுத்த மழைக்காலத்துக்குள் வேறொருத்தியை அதே மெஷின்மேல் ஏற்றியது, அவள் ஏறி நின்றாள், எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது அட்டை வராந்தாவுக்கே வந்துவிட்டது. ஆயிஷாவிடம் எதைச் சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம், ஸ்டுடியோ விஷயம் நடந்த அந்த வாரம் வந்த ஒரு பெண்தான் நினைவில் வந்து நிற்கிறாள்.

மதிய நேரம், கூட்டம் இல்லை. கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தாள். நாற்பதைத் தொடும் வயது, கையில் ஃபேக்டரி அடையாள அட்டை. பீன்யாவிலிருந்து அரை நாள் லீவு போட்டு, பஸ் மாறி வந்திருந்தாள். நிகழ்ச்சியில் ஒரு வாரம் எங்கள் ஆஸ்பத்திரியின் பலகையைக் காட்டினார்களாம், அதைப் பிடித்து வந்திருக்கிறாள்.

“யாரப் பாக்கணும்மா? பேஷன்ட் யாரு?” என்றேன்.

“பேஷன்ட்டு இல்லக்கா. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னுதான்.” உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள். “அந்த நியூஸ் வாசிக்கிற பொண்ணு… தும்மும்போதும் சிரிக்கும்போதும்னு ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள சோப்பு விளம்பரம் போட்டுட்டாங்க. அப்புறம் வருவாங்க, வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்ல.” புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “என்ன ஆகும்னு சொல்ல வந்தாங்க அவங்க?”

சொன்னேன். நிவேதிதா அணைந்த காமிராவிடம் சொன்ன வரிசையிலேயே, அவள் கடைசியாகச் சொன்னது வரைக்கும் சொன்னேன்.

விரலில் சுற்றிய தலைப்பை அவிழ்த்துவிட்டாள்.

“டிவில வர்றவங்களுக்குமா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“என் பையன் பத்தாவது படிக்கிறான்க்கா. அவன் பொறந்ததுலேர்ந்து எனக்கு…” என்றாள். பிறகு உள்ளே வந்து, திரும்பி, கதவைத் தானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பேச ஆரம்பித்தாள்.